வாய் நாற்றம்: வயிற்றைக் குறை சொல்வதற்கு முன்னால்

வாய் நாறுகிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், உடனே வயிற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். "வயித்துல புண்ணு இருக்கும்", "மலச்சிக்கலா இருக்கும்", "காலைல வெறும் வயித்துல சீரகத் தண்ணி குடி". மெடிக்கலில் கேட்டேன், கேஸ் மாத்திரை ஒரு பட்டை கொடுத்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் திரிபலா சூரணம் வாங்கி வந்தார். இதெல்லாம் சாப்பிட்டு வயிறு நன்றாகத்தான் இருந்தது, வாய் மட்டும் அப்படியேதான் இருந்தது.

வயிற்றுக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கும் உணவுக்குழாய் சும்மா திறந்து கிடப்பதில்லை. விழுங்கும்போது திறக்கும், ஏப்பம் வரும்போது திறக்கும், மற்ற நேரம் மூடியேதான் இருக்கும். வயிற்றுக் காற்று நாள் முழுக்க மேலே வந்து நாறிக்கொண்டிருக்க வழியே இல்லை. வாய் நாற்றம் இருப்பவர்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கிறது: நாக்கின் பின்பகுதி, ஈறு, சொத்தை, பல்லுக்கு மேல் மாட்டிய பழைய கேப். அதற்கடுத்து மூக்கும் தொண்டையும். புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி வரும் அளவுக்கு நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அதுவும் கொஞ்சம் சேரலாம், அவ்வளவுதான். நாம் தேடுவது மட்டும் தலைகீழ் வரிசையில்.

நான் புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் புடவை செக்ஷனில் நிற்கிறேன். வீடு கடலூர், திருப்பாப்புலியூர். காலையில் பஸ் ஏறினால் ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று போய், கடை திறக்கும்போது அங்கே இருக்க வேண்டும். வேலை என்பது முக்கால்வாசி பேச்சுதான். மேசைக்கு அந்தப் பக்கம் மணப்பெண்ணும் அம்மாவும் அத்தையும் உட்கார்ந்திருப்பார்கள், முந்தானையை விரித்துக் காட்டக் குனிந்தால் முகத்துக்கு முகம் ஒரு முழம் கூட இருக்காது. அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் லேசாகத் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். விலை கேட்டுப் பின்வாங்குகிறார்கள் என்றுதான் வெகு நாள் நினைத்தேன்.

செக்ஷனில் மூத்தவர் ஒருவர் உண்டு, அண்ணே என்று கூப்பிடுவோம். மதியச் சாப்பாடு முடிந்து கவுண்டருக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு ஏலக்காய் எடுத்து என்னிடம் நீட்டுவார். பாசமான மனிதர் என்று நானும் வாங்கி மென்றுகொண்டிருந்தேன். வேறு யாருக்கும் அவர் கொடுப்பதில்லை என்பது ஒருநாள்தான் உறைத்தது. அன்று ராத்திரி வீட்டில் கேட்டுவிட்டேன். மனைவி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "காலைல எழுந்திரிக்கும்போது எல்லாருக்கும் வர்றதுதாங்க, அது பரவால்ல. சாயங்காலம் கடையிலேர்ந்து வந்து செருப்பைக் கழட்டிக்கிட்டே பேசுவீங்க பாருங்க, அது வேற மாதிரி. ஏதோ அழுகின மாதிரி." ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னா வீட்ல பேசுறதையே நிறுத்திடுவீங்க" என்றாள். அது உண்மைதான், என்னைத் தெரிந்தவள்.

அவள் சொன்னதில் இருந்த அந்தக் காலை, சாயங்கால வித்தியாசம் பின்னால் டாக்டருக்கே உதவியது. அதனால் நீங்கள் யாரையாவது கேட்பதாக இருந்தால், "நாறுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எப்போது வருகிறது, என்ன மாதிரி வாடை, வாயை மூடி மூக்கால் மட்டும் மூச்சு விட்டாலும் வருகிறதா, இதையெல்லாம் சேர்த்துக் கேளுங்கள். வாயை மூடினால் நின்றுவிடும் வாடை வாயிலிருந்து வருவது. மூக்கு வழியாக மட்டும் வந்தால் சைனஸ் மாதிரி மூக்குப் பிரச்சினை. இரண்டு வழியிலும் ஒரே மாதிரி வந்தால்தான் ரத்தம், நுரையீரல் என்று உள்ளே தேட வேண்டும். மருத்துவர்களும் முதலில் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார்கள், இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம்.

சொந்த மூக்கை நம்ப முடியாது. எப்போதும் இருக்கும் வாடையை மூக்கு கொஞ்ச நேரத்தில் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். மீன் மார்க்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வாடை தெரியாது, நமக்குத்தான் தெரியும். கையைக் குவித்து ஊதிப் பார்ப்பதில் பெரிதாக ஒன்றும் பிடிபடாது. மணிக்கட்டை நக்கிக் காயவிட்டு முகர்வதும் அரைகுறைதான், ஏனென்றால் நாக்கின் நுனி எப்போதும் ஓரளவு சுத்தமாகத்தான் இருக்கும். ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து நாக்கின் பின்பக்கம் மெதுவாக வழித்து, சில நொடி விட்டு முகர்ந்து பாருங்கள். இன்னொன்று, பல் இடுக்கு நூல். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஒவ்வொரு இடுக்கிலும் தனித்தனியாக விட்டு எடுத்து முகர வேண்டும். அருவருப்பான வேலைதான், ஆனால் எந்த இடுக்கு என்பது வரை காட்டிக்கொடுத்துவிடும். எனக்குக் கீழ் வலது கடைவாய்ப் பல், எட்டு வருஷத்துக்கு முந்தைய கேப் போட்ட பல்லுக்குப் பின்னால் விட்ட நூலை முகர்ந்ததும் கையைத் தூரமாக நீட்டிப் பிடித்தேன்.

நாற்றம் எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும். வாயில் நிறைய நுண்ணுயிர்கள் உண்டு. அதில் ஒரு கூட்டத்துக்குக் காற்றே ஆகாது, நாக்கின் பின்பக்கப் பள்ளம், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பை, கேப்பின் ஓட்டை என்று ஆக்சிஜன் எட்டாத இடமாகப் பார்த்துக் குடியிருக்கும். சாப்பாட்டுத் துணுக்கு, உதிர்ந்த தோல், சளி, ரத்தம் இதிலெல்லாம் இருக்கும் புரதத்தை உடைத்துத் தின்று கந்தக வாயுக்களை வெளியே விடும். ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை வாடை. இன்னொன்று மெத்தில் மெர்காப்டன். வீட்டு கேஸ் கசிந்தால் தெரிய வேண்டும் என்று சிலிண்டரில் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்களே, அதற்குக் கூடப்பிறந்தது. மிகக் கொஞ்சம் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்.

இதை எல்லாம் நாள் முழுக்கக் கழுவிவிடுவது எச்சில். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. தூக்கத்தில் ஏறக்குறைய நின்றுபோகும், அதனால்தான் விடியற்காலை வாடை எல்லாருக்கும் உண்டு, பல் தேய்த்து ஏதாவது சாப்பிட்டதும் போய்விடும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பகலிலும் எச்சில் வற்றினால்தான் சிக்கல். என் வேலையை இப்போது யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து ராத்திரி வரை பேச்சு, ஏசி காற்று, மேலே மொட்டை மாடியில் பாத்ரூம், அதற்குப் போக சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும் என்பதால் தண்ணீரையே குறைத்துக்கொள்வது, நடுவில் டீ. போதாக்குறைக்குத் துணித் தூசியில் எனக்கு எப்போதும் மூக்கடைப்பு, அதற்கு தினமும் ராத்திரி ஒரு செட்டிரிசின் மாத்திரை. அலர்ஜி மாத்திரை வாயைக் காய வைக்கும். மூக்கு அடைத்தவன் வாயால் மூச்சு விடுவான், அதுவும் காய வைக்கும். மனநல மாத்திரைகள் சிலவற்றுக்கும், சிறுநீர் பிரிக்கும் பிபி மாத்திரைகளுக்கும் இதே குணம் உண்டு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வாய் காய்கிறது என்று டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார்.

பல் டாக்டரிடம் போவதற்கு முன் மவுத்வாஷில் போட்ட காசுக்கு ஒரு நல்ல சட்டை எடுத்திருக்கலாம். விற்பனைத் தொழிலில் இருப்பவன் என்பதால் இதில் ஒரு விஷயத்தை ரசிக்கவும் செய்கிறேன். லிஸ்டரின் 1879-ல் வந்தபோது அது அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினி. 1920-களில் அமெரிக்காவில் வாய் நாற்றத்தைச் சொல்லிப் பயமுறுத்தி விளம்பரம் செய்த பிறகுதான் அது வீட்டுக்கு வீடு போனது. பயத்தை முதலில் விற்றுவிட்டால் பாட்டில் தன்னால் விற்கும். சரி, மவுத்வாஷ் வேலையே செய்யாதா என்றால், கொஞ்ச நேரம் மறைக்கும். ஆல்கஹால் கலந்தது வாயை மேலும் காய வைக்கலாம். டாக்டர் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் என்ற மவுத்வாஷ் உண்மையிலேயே கிருமியைக் குறைக்கும், ஆனால் ரெண்டு வாரத்துக்கு மேல் தானாக இழுத்துக்கொண்டு போகக் கூடாது, பல்லில் காவி படியும், நாக்கு ருசி மாறும். எனக்கு அந்த நாட்களில் டீ கஷாயம் மாதிரி இருந்தது. பேஸ்ட் போட்டுத் தேய்த்த கையோடு இதைக் கொப்பளித்தால் மருந்து வீண், அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

முதலில் போன தனியார் கிளினிக்கில் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் பல்லை வெள்ளையாக்கும் பேக்கேஜ் பற்றிப் பேசினார்கள். எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் வார விடுமுறை நாளில் புதுச்சேரி இந்திரா நகரில் இருக்கும் அரசு மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். காத்திருக்கத்தான் வேண்டும், மாணவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள், பிறகு டாக்டர் மேடம் வந்து சரிபார்ப்பார். ஆனால் அவசரமில்லாமல் பார்ப்பார்கள் என்பது பெரிய விஷயம். சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணாமலை நகரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடலூரிலேயே முடிக்க வேண்டுமென்றால் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில் விசாரித்துப் பாருங்கள்.

மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் அளந்தார்கள். மூன்று மில்லிமீட்டர் வரை சரி, அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு முன்பல்லெல்லாம் ஒழுங்கு, பின்னால் ஐந்து, ஆறு என்று கூப்பிட்டுச் சொல்ல இன்னொரு மாணவி எழுதிக்கொண்டாள். தொட்ட இடமெல்லாம் ரத்தம். பிரஷ் பண்ணும்போது ரத்தம் வருவதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, பிரஷ் குத்திவிட்டது என்று விட்டுவிடுகிறோம். கையைக் கழுவும்போது ரத்தம் வந்தால் அப்படி விட்டுவிடுவோமா என்று மேடம் கேட்டார். வலியே இல்லாமல் வருஷக்கணக்கில் நடக்கும் நோய் இது. அப்படியே சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். சர்க்கரை இருந்தால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கஷ்டம், ரெண்டும் ஒன்றையொன்று இழுத்துவிடும். எனக்கு நார்மல்.

கேப்பைக் கழற்றிய அன்றுதான் விடை கிடைத்தது. ஓரத்தில் சிமெண்ட் கரைந்து உள்ளே வழி உண்டாகி, சாப்பாடு போய்த் தங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கேப் கையோடு வந்ததும் மாஸ்க் போட்டிருந்த மாணவனே ஒரு நொடி முகத்தைத் திருப்பினான், பிறகு "சாரி சார்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை, இதுக்கா வயித்துக்கு மாத்திரை தின்றோம் என்றுதான் இருந்தது. உள்ளே சுத்தம் செய்து, தற்காலிக அடைப்பு வைத்து, ஈறு ஆறிய பிறகு புது கேப். நடுவில் மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடியில் வேர் வரை கல்லாகப் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள், வலது பக்கம் ஒரு நாள், இடது பக்கம் இன்னொரு நாள்.

இப்படிக் காரையை எடுக்கும் ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று என் அம்மா இன்றைக்கும் சொல்வார். அப்படித் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. பல் இடுக்கில் கல்லாகப் படிந்த காரை இடைவெளியை அடைத்து வைத்திருக்கும், எடுத்ததும் அந்த இடம் காலியாகத் தெரியும். வீங்கியிருந்த ஈறும் சுருங்கும். சில நாள் பச்சைத் தண்ணீர் பட்டால் கூசும். பல்லைக் காரைதான் தாங்கிப் பிடித்திருந்தது என்றால், அந்தப் பல் ஏற்கெனவே போய்விட்டது என்றுதான் பொருள்.

வீட்டில் செய்வதில் நான் மாற்றிக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை, நேரத்தை மாற்றினேன். நம் வீடுகளில் காலையில் கொல்லைப்பக்கம் நின்று தெருவுக்கே கேட்கும்படி ஓங்கரித்து நாக்கு வழிப்பார்கள், ராத்திரி ஒன்றும் கிடையாது. எச்சில் நிற்கப் போகிற ராத்திரிதான் சுத்தம் தேவைப்படும் நேரம். இப்போது ராத்திரி சாப்பிட்டு முடித்து, இடுக்குக்கான குட்டி பிரஷ், அப்புறம் பேஸ்ட், கடைசியில் நாக்கு. நாக்கை நன்றாக நீட்டி, மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே, எவ்வளவு பின்னால் போக முடியுமோ அங்கிருந்து முன்னால் வழித்தால் குமட்டல் குறைவு. நாலு இழுப்பு போதும், ரத்தம் வரச் சுரண்டுவதற்கு அது இரும்புச் சட்டி இல்லை. வழிப்பான் செம்பா, எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் உங்கள் விருப்பம்.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பதை நான் மறுக்கவில்லை. என் தாத்தா வேப்பங்குச்சியோடு தென்பெண்ணை ஆற்றங்கரை வரை நடந்து திரும்புவார், அவ்வளவு நேரம் மென்றால் எச்சில் ஊறும், பல்லின் வெளிப்பக்கமும் சுத்தமாகும். ஆனால் குச்சி ஈறுப் பைக்குள் போகாது. நல்லெண்ணெய் கொப்பளிப்பதும் கெடுதல் இல்லை, படிந்து கல்லான காரையை மட்டும் எந்த எண்ணெயும் கரைக்காது. சாம்பல், செங்கல் பொடி, கரித்தூள் போட்டு அழுத்தித் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது.

கடையில் இப்போது தண்ணீர் பாட்டிலைப் பில் போடும் மேசைக்குக் கீழே வைத்திருக்கிறேன், ஒவ்வொரு குடும்பம் எழுந்து போனதும் ரெண்டு மடக்கு. பாத்ரூம் போக வேண்டுமென்றால் போகிறேன், அதற்குக் கூச்சப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றால் எச்சில் ஊறும், ஆனால் புடவை காட்டும்போது மெல்ல முடியாது, பஸ்ஸில் மட்டும். சர்க்கரை போட்ட பெப்பர்மிண்ட் சொத்தைக்குத்தான் நல்லது. மூக்கடைப்புக்கு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்ததில், தினமும் விழுங்கிய மாத்திரைக்குப் பதில் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே கொடுத்தார். அதற்கப்புறம் வாயை மூடித் தூங்குகிறேன் என்று வீட்டில் சாட்சி சொல்கிறார்கள்.

பூண்டு, வெங்காயம் வேறு கணக்கு. பூண்டில் உள்ள ஒரு கந்தகப் பொருள் குடலில் ஏறி, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வரும், எத்தனை முறை பல் தேய்த்தாலும் போகாது, நேரம் போனால்தான் போகும். நான் முகூர்த்த சீசன் நாட்களில் மதியத்துக்குப் பூண்டு ரசம் எடுத்துப் போவதில்லை. கருவாட்டுக் குழம்பு ஞாயிற்றுக்கிழமைக்கு. அதை விடச் சொல்லி யாரும் என்னிடம் வராதீர்கள், கடலூர்க்காரன். விரதம் இருந்தாலும் வாடை வரும், சாப்பாடு இல்லாத நேரத்தில் உடம்பு கொழுப்பை எரிக்கும், அதன் வாடை அது. பீடி, சிகரெட், பாக்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அவை நாறுவதோடு ஈறு நோயையும் மறைத்துவிடும், ரத்தக் கசிவு குறைவாகத் தெரியும்.

வாயெல்லாம் பார்த்தும் ஒன்றுமில்லை என்றால் மற்றதைத் தேடலாம். தொண்டையில் டான்சில் குழிகளில் வெள்ளையாகச் சின்னக் கட்டி சேரும் சிலருக்கு, இருமினால் வெளியே விழும், நசுக்கினால் பயங்கர வாடை, ஆபத்தில்லை. குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே பட்டாணியோ மணியோ மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம், நீங்களே எடுக்க முயலாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழுத்த பழ வாடை வந்து, கூடவே வாந்தியோ, மூச்சு வாங்குவதோ இருந்தால் அது அவசரம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அமோனியா வாடை வரும். வீட்டில் பெரியவர்கள் பல்செட் போட்டிருந்தால் ராத்திரி கழற்றி, தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். என் அம்மா அதைப் போட்டுக்கொண்டே தூங்குவார், யாராவது வாசல் கதவைத் தட்டினால் பொக்கை வாயோடு போக மாட்டாராம். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

வாடையே இல்லாதபோதும் வாடை இருப்பதாக நம்பித் தவிப்பவர்களும் உண்டு. எங்கள் கடையில் ஒரு பெண் பேசும்போதெல்லாம் கையால் வாயை மறைப்பாள். பக்கத்தில் நிற்கும் எங்கள் யார் மூக்குக்கும் ஒன்றும் தெரிந்ததில்லை, பல் டாக்டரும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார், அவள் நம்பவில்லை. இந்த மாதிரி ஆட்களுக்கு இன்னொரு மவுத்வாஷ் உதவாது, மனநல டாக்டரிடம் பேசுவதுதான் வழி என்று அந்த டாக்டரே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அடுத்தவருக்குச் சொல்வது இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். அண்ணனிடம் ஒருநாள் கேட்டேன், "நேரா சொல்லியிருக்கலாமேண்ணே?" என்று. "உன் மூஞ்சியைப் பார்த்து எப்படிறா சொல்றது" என்றார். அந்த ஏலக்காய்க்கு நான் நன்றிதான் சொல்வேன், ஆனால் புரியாமல் போனால் ஒருவன் வருஷக்கணக்கில் மென்றுகொண்டே இருப்பான். போன வருஷம் சேர்ந்த பையனுக்கு இதே பிரச்சினை, கடைவாயில் பெரிய சொத்தை. டீக்கடையில் தனியாக இருக்கும்போது, "தம்பி, எனக்கும் இருந்துச்சு, அதனால சொல்றேன், வாயில வாடை வருது, அந்தப் பல்லைக் காட்டிடு" என்று சொன்னேன். முகம் செத்துப்போய்விட்டது அவனுக்கு, கொஞ்ச நாள் என் பக்கமே வரவில்லை. அப்புறம் அவனாகவே வந்து, "ஓ.பி. சீட்டு எத்தனை மணிக்கு போடுவாங்கண்ணே?" என்று கேட்டான். காலையில் சீக்கிரம் போய் நின்றால்தான் மத்தியானத்துக்குள் வேலை முடியும் என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்கு ஈறு சரியாகிவிட்டது என்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள், பை மறுபடி ஆழமாகிறதா என்று அளந்து பார்க்க. ஆடித் தள்ளுபடி முடிந்ததும் போக வேண்டும். தீபாவளி வியாபாரம் தொடங்கிவிட்டால் லீவு கிடைக்காது.